கொள்ளிடத்து முதலைகள் முதல் மனோராக் கடற்பசு வரை: கேள்வி பதில்

கேள்வி (அணைக்கரை): ஐயா, கொள்ளிடத்து முதலைகளால் ஊரே அச்சத்தில் இருக்கிறது. அவற்றைப் பிடித்து வண்டலூர் உயிரியல் பூங்காவில் விட்டுவிட்டால் என்ன?

பதில்: உங்கள் அச்சம் நியாயமானது. ஆற்றில் இறங்கியவர்கள் தாக்கப்பட்டிருக்கிறார்கள். அதை யாரும் சிறிதாக எண்ணக்கூடாது. ஆனால் பிடித்து அனுப்புவது தீர்வாகாது. காப்பிடங்களிலேயே இடமில்லை: 1976-இல் தொடங்கப்பட்ட சென்னை முதலைப் பண்ணையில் சதுப்புநில முதலைகள் அளவுக்கு மீறிப் பெருகியதால், அவற்றில் ஆயிரத்தைக் குஜராத்தின் ஜாம்நகருக்கு அனுப்ப நேர்ந்தது. நம் ஆற்றில் இருப்பதும் அதே இனம்தான். ஒரு மடுவில் கிடக்கும் முதலையை அகற்றினாலும், மீனும் ஆழமும் உள்ள அந்த மடுவுக்கு இன்னொன்று வந்து சேரக்கூடும்.

அது வாழும் விதத்தை அறிந்துகொண்டால் அதனுடன் ஒதுங்கி வாழ வழி தெரியும். மாசி, பங்குனியில் தாய் முதலை கரையோர மணல்மேட்டில் குழி தோண்டி, 25 முதல் 30 முட்டைகள் வரை இட்டு மூடிவிட்டு, அருகிலேயே காவல் கிடக்கும். குஞ்சுகள் முட்டைக்குள்ளிருந்து கத்தும் ஒலியைக் கேட்டதும் மணலை விலக்கி, அவற்றை வாயில் ஏந்திச் சென்று தண்ணீரில் விடும். பிறப்பது ஆணா பெண்ணா என்பதை அடைகாலத்தில் அந்தக் குழியில் இருக்கும் வெப்பமே தீர்மானிக்கிறது. அந்த மணல்மேட்டைத்தான் நாம் லாரி லாரியாக அள்ளிக்கொண்டிருக்கிறோம் என்பது எனக்கு மிகுந்த வேதனை தருகிறது.

மனிதருக்கான பாதுகாப்பும் எளிதே. இலங்கையில் ஆற்றோரக் குளியல் துறைகளைச் சுற்றி மரக்கம்புகளை நெருக்கமாக நட்டு, முதலை நுழையாதபடி அடைத்திருக்கிறார்கள். நம் படித்துறைகளுக்கும் இரும்புக் கம்பியால் அத்தகைய அடைப்பு அமைக்கும்படி ஊராட்சியிடம் கேளுங்கள். மீன் கழிவையும் கோழிக் கழிவையும் துறையருகே கொட்டுவதை உடனே நிறுத்த வேண்டும்.

கேள்வி (திருப்பனந்தாள்): வாய்க்காலில் முதலைக் குஞ்சு கிடந்தால் எடுத்து ஆற்றில் விடலாமா?

பதில்: வேண்டாம். தாய் அருகிலேயே இருக்கும். விலகி நின்று வனச்சரக அலுவலகத்துக்குத் தகவல் கொடுங்கள். 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் உச்சப் பாதுகாப்புத் தரும் முதல் அட்டவணையில் உள்ள உயிரினம் என்பதால் அதைக் கையாளும் உரிமை நமக்கு இல்லை.

கேள்வி (மன்னார்குடி): வடுவூர் ஏரிக்குப் பிள்ளைகளை எப்போது அழைத்துச் செல்லலாம்?

பதில்: கார்த்திகை பிறந்த பிறகு செல்லுங்கள். 1999-இல் பறவைகள் சரணாலயமாகவும், 2022-இல் ராம்சார் ஈரநிலமாகவும் (உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலம்) அறிவிக்கப்பட்டிருந்தாலும், வடுவூர் முதலில் ஒரு பாசன ஏரி. மேட்டூர்த் தண்ணீரும் ஐப்பசி மழையும் நிரப்பினால்தான் அங்கே பறவை தங்கும். கோடையில் வறண்டு கிடக்கும். சுற்றுவட்ட வயல்களில் நத்தை தேடி மேயும் நத்தைகுத்தி நாரையைப் பிள்ளைகளுக்குத் தவறாமல் காட்டுங்கள்: அதன் அலகு மூடிய நிலையிலும் நடுவில் இடைவெளி தெரியும்.

கேள்வி (வேதாரண்யம்): கோடியக்கரையில் வெளிமான்களை அடைத்து வைத்துப் பெருக்கலாமே?

பதில்: கூண்டு அவற்றுக்குப் பொருந்தாது. ஓடித் தப்பிப் பிழைக்கும் விலங்குக்குத் தொலைவு வரை கண்ணுக்குத் தெரியும் புல்வெளி வேண்டும். 1967-இல் இந்தச் சரணாலயம் அமைந்ததே முதன்மையாக வெளிமானுக்காகத்தான். இன்று அந்தப் புல்வெளிக்குள் சீமைக்கருவேலம் புகுந்துவிட்டது. காட்டுக்குள் திரியும் குதிரைகளும் அதே புல்லையே மேய்கின்றன. சீமைக்கருவேலத்தை வேரோடு அகற்றி, கோடையில் நன்னீர்த் தொட்டிகளை வற்றாமல் பார்த்துக்கொண்டால் மான்கள் தாமாகவே பெருகும் என்பது என் உறுதியான கருத்து.

கேள்வி (பட்டுக்கோட்டை): மனோராக் கடற்கரைக்குச் சென்றால் கடற்பசுவைப் பார்க்க முடியுமா?

பதில்: கரையிலிருந்து பார்ப்பது அரிது. 2022 செப்டம்பரில் தஞ்சாவூர், புதுக்கோட்டை மாவட்டக் கடலில் 448 சதுர கிலோமீட்டர் பரப்பு கடற்பசுப் பாதுகாப்பகமாக அறிவிக்கப்பட்டது. மீனவர்கள் ஆவுளியா என்று அழைக்கும் இவ்விலங்கு கடற்புல்லை மேய்ந்து வாழ்வது. மூச்சுவிட மட்டும் நீர்மட்டத்துக்கு வந்து உடனே மூழ்கிவிடும். வலையில் சிக்கினால் மேலே வர முடியாமல் மூச்சுத் திணறி இறந்துவிடும் என்பதால், சிக்கியதைக் கண்டவுடன் வலையை அறுத்தாவது அதை விடுவிக்க வேண்டும்.