பந்திச் செலவும் விண்ட் டன்னலும்

அன்புள்ள ஐயா,

ஃபார்முலா 1 அணிகள் ஆண்டுக்கு இவ்வளவுதான் செலவழிக்கலாம் என்று 2021 முதல் வரம்பு வைத்திருக்கிறார்கள். நன்றாக ஓடுகிறவன் காலில் கல்லைக் கட்டுவது போலிருக்கிறது. பணம் இருப்பவன் செலவழித்தால் யாருக்கு என்ன நஷ்டம்?

கே., திருச்சி

அன்புள்ள கே.,

யாருக்கு நஷ்டம் என்பதற்கு நம் ஊர்க்காரர்களே சாட்சி. 2009இல் இந்தப் பந்தயங்களை ஆளும் உலக அமைப்பான எஃப்.ஐ.ஏ.வின் தலைவராக இருந்த மேக்ஸ் மோஸ்லி, ஆண்டுக்கு 4 கோடி பவுண்டு என்று வரம்பு கொண்டுவரப் பார்த்தார். பெரிய அணிகள் தனியாகப் போட்டி நடத்தப் போவதாகக் கிளம்பியதும் அது கைவிடப்பட்டது. ஆனால் அந்தப் பேச்சை நம்பி வந்த புதிய அணிகள் மாட்டிக்கொண்டன. அதில் ஒன்று ஹெச்.ஆர்.டி. 2010 பஹ்ரைனில் சென்னையின் கருண் சந்தோக் அந்தக் காரை முதன்முதலாக ஓட்டியதே தகுதிச் சுற்றில்தான். பயிற்சி நேரத்தில் கார் இன்னும் பூட்டி முடியவில்லை. அடுத்த ஆண்டு மெல்போர்னில் கோவையின் நரேன் கார்த்திகேயன் தகுதிச் சுற்றில் அதிவேக நேரத்தின் 107 சதவீதத்துக்குள் சுற்றி முடிக்க வேண்டும் என்ற விதியைத் தாண்ட முடியாமல் பந்தயத்தையே தவறவிட்டார். 2010இல் வந்த மூன்று அணிகளில் ஒன்றுகூட இன்று இல்லை.

பணத்தைக் கொட்டினால் மட்டும் வெற்றி வந்துவிடுமா என்றால், அதுவும் இல்லை. டொயோட்டா 2002 முதல் 2009 வரை கொட்டிப் பார்த்தது, ஒரு பந்தயம்கூட ஜெயிக்கவில்லை. ஜெர்மனியின் கொலோனில் அது கட்டிய விண்ட் டன்னலை (கார் மாதிரியின் மேல் காற்றைப் பாய்ச்சிச் சோதிக்கும் கூடம்) பிற்பாடு போட்டி அணியான மெக்லாரன் வாடகைக்கு எடுத்துப் பல வருடம் ஓட்டியது!

ஒரு விஷயத்தில் உங்களோடு உடன்படுகிறேன். பண வரம்பு கணக்குப்பிள்ளைகளின் பந்தயமாகிவிடுகிறது. 2021இல் வரம்பு 14.5 கோடி டாலர். ஓட்டுநர் சம்பளமும் விளம்பரமும் அதில் சேராது. அப்புறம் எதை எந்தத் தலைப்பில் எழுதுவது என்பதுதானே சாமர்த்தியம்? அந்த ஆண்டு ரெட் புல் அணி வரம்பைத் தாண்டிச் சுமார் 18.6 லட்சம் பவுண்டு செலவழித்துவிட்டது. தகராறான இனங்களில் ஊழியர்களின் சாப்பாட்டுச் செலவும் ஒன்று. நம் வீட்டுக் கல்யாணங்களிலும் கடைசியில் பந்திக் கணக்குதான் உதைக்கும்.

எனக்குப் பிடித்தது இன்னொரு வரம்பு. விண்ட் டன்னல் சோதனைக்கென்று வைத்த அடிப்படை அளவில் முந்தைய தரவரிசையின் முதல் அணிக்கு 70 சதவீதம், பத்தாவது அணிக்கு 115 சதவீதம், நடுவில் இடத்துக்கு ஐந்தைந்தாக ஏறும். காற்று எத்தனை முறை, எவ்வளவு நேரம் ஓடியது என்பதைச் சாப்பாட்டுக் கணக்கில் எழுதி மறைக்க முடியாது.

ரெட் புல்லுக்கு 70 லட்சம் டாலர் அபராதம் போட்டு, இந்தச் சோதனை அளவிலும் 10 சதவீதம் வெட்டினார்கள். 70 என்பது 63 ஆனது. காலில் கட்டிய அந்தக் கல்லோடுதான் 2023இல் 22 பந்தயங்களில் 21ஐ ஜெயித்தார்கள். வேகம் போய்விடும் என்ற கவலை வேண்டாம். என் குறை வேறு: வரம்பைத் தாண்டிச் செலவழித்த பணத்தை அடுத்த ஆண்டு வரம்பில் கழித்திருக்க வேண்டும். அதை மட்டும் தொடவேயில்லை.