ஹெட் கோச்சே பிளே சொல்ல வேண்டுமா?

அமெரிக்க ஃபுட்பாலில், அதாவது என்.எஃப்.எல்.லில், ஹெட் கோச்சே (தலைமைப் பயிற்சியாளரே) ஆஃபென்ஸுக்கான, அதாவது பந்தை வைத்து ஆடும் பிரிவுக்கான, பிளேக்களையும் (அடுத்து ஆட வேண்டிய திட்டங்களையும்) சொல்லலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். ஒரு சிலரைத் தவிர மற்றவர்கள் அதை ஆஃபென்ஸைக் கவனிக்கும் துணைப் பயிற்சியாளரான ஆஃபென்ஸிவ் கோஆர்டினேட்டரிடம் விட்டுவிடுவதே நல்லது என்பேன்.

ஒரு பிளே முடிந்ததும் அடுத்ததைத் தொடங்க 40 விநாடிக் கடிகாரம் ஓடும். அதில் 15 விநாடி மிச்சமிருக்கும்போதே களத்தில் ஆஃபென்ஸை நடத்தும் குவார்ட்டர்பேக்கின் ஹெல்மெட் ரேடியோ துண்டிக்கப்பட்டுவிடும். யோசித்துச் சொல்லி முடிக்க இருப்பது 25 விநாடி. டைம்அவுட் எடுப்பதா, நடுவர் தீர்ப்பை சேலஞ்ச் செய்வதா, நான்காவது டவுனில், அதாவது கடைசி முயற்சியில், துணிந்து ஆடுவதா என்ற முடிவுகளும் அதற்குள்தான் வந்து விழும். எதிரணியிடம் பந்து போனாலும் ஓய்வில்லை. பிளே சொல்பவர் குவார்ட்டர்பேக்கோடு உட்கார்ந்து டேப்லெட்டில் முந்தைய பிளேக்களைப் பார்த்துக்கொண்டிருப்பார். தன் டிஃபென்ஸ் (தடுத்தாடும் பிரிவு) படும் பாட்டைப் பார்க்க அவருக்கு ஏது நேரம்?

2024 பிப்ரவரியில் என்.எஃப்.எல். இறுதிப் போட்டியான சூப்பர் பவுல் ஓவர்டைமுக்குப் போனது. டாஸ் வென்ற ஃபார்ட்டி நைனர்ஸ் அணி பந்தை முதலில் எடுத்தது, சீஃப்ஸ் அணியிடம் 25-22 என்று தோற்றது. பிளேஆஃப் எனும் நாக்அவுட் ஆட்டங்களுக்கான புதிய ஓவர்டைம் விதியே (இரு அணிக்கும் பந்து கிடைக்கும் என்பது) தங்களுக்குத் தெரியாது என்று அதன் வீரர்கள் சிலர் பிறகு சொன்னார்கள். சீஃப்ஸ் வீரர்களோ அதைப் பலமுறை பேசித் தயாராகியிருந்தார்கள். நைனர்ஸ் கோச் கைல் ஷனஹன் தானே பிளே சொல்பவர். ஆனால் சீஃப்ஸின் ஆண்டி ரீடும் அப்படித்தான்! ரீடால் முடிகிறதென்றால், டிஃபென்ஸை அதன் கோஆர்டினேட்டர் ஸ்டீவ் ஸ்பக்னுவோலோவை நம்பி ஒப்படைத்திருப்பதால்தான். 2017இல் அணி தடுமாறியபோது பிளே சொல்லும் பொறுப்பையே தன் ஆஃபென்ஸிவ் கோஆர்டினேட்டர் மேட் நாகியிடம் கொடுத்தவர் அவர். அந்த மனசு எல்லோருக்கும் வராது.

எதிர்வாதத்திலும் வலு இருக்கிறது. நன்றாகப் பிளே சொல்லும் கோஆர்டினேட்டரை வேறு அணி ஹெட் கோச்சாகக் கொத்திக்கொண்டு போய்விடும். ஈகிள்ஸ் அணியின் ஹெட் கோச் நிக் சிரியானி 2021 சீசன் நடுவில் பிளே சொல்லும் பொறுப்பைக் கோஆர்டினேட்டர் ஷேன் ஸ்டைக்கனிடம் கொடுத்தார். அடுத்த சீசனில் அணி சூப்பர் பவுல் வரை போனது, ஸ்டைக்கன் கோல்ட்ஸ் அணிக்கு ஹெட் கோச்சாகப் போனார். 2023இல் 10 வெற்றி, 1 தோல்வி என்று தொடங்கிய ஈகிள்ஸ் 11-6இல் முடித்து, பிளேஆஃப் முதல் சுற்றிலேயே வெளியேறியது. பார்க்கவே மனசு கேட்கவில்லை.

அப்படியும் சிரியானி அந்தப் பொறுப்பைத் திரும்ப எடுத்துக்கொள்ளவில்லை. கோஆர்டினேட்டராகக் கெல்லன் மூரைக் கொண்டுவந்தார். 2025 பிப்ரவரியில் அதே சீஃப்ஸை 40-22 என்று வீழ்த்திக் கோப்பையை வாங்கினார். மூரும் உடனே செயின்ட்ஸ் அணிக்கு ஹெட் கோச்சாகக் கிளம்பினார். ஆண்டுதோறும் ஆள் தேடும் அந்தத் தலைவலியை நான் ஏற்றுக்கொள்வேன்.