காளான் கேப்சூலும் காளான் பொடியும்: பணம் கட்டுவதற்கு முன்

கேள்வி: அம்மாவுக்கு இரைப்பைப் புற்றுநோய். அடுத்த வாரம் கீமோதெரபி தொடங்குகிறது. ஷிடாக்கே காளானில் இருக்கும் லென்டினான், ஜப்பான் அரசே அங்கீகரித்த புற்றுநோய் மருந்து என்று சொல்லி ஷிடாக்கே கேப்சூல் விற்கிறார்கள். இது உண்மையா? வாங்கலாமா?

பதில்: அங்கீகாரம் உண்மைதான். ஆனால் அது கிடைத்தது இந்தக் கேப்சூலுக்கு இல்லை. 1985-இல் ஜப்பான் ஒப்புதல் தந்த லென்டினான், ஷிடாக்கேயிலிருந்து பிரித்துச் சுத்திகரித்து ரத்தக் குழாயில் ஏற்றும் ஊசி மருந்து. வாரத்துக்கு 2 மில்லிகிராம் அளவில், டெகாஃபர் என்ற கீமோ மருந்துடன் சேர்த்து, அறுவை செய்ய இயலாத அல்லது மீண்டும் வந்த இரைப்பைப் புற்றுக்குக் கொடுத்தார்கள். அது நேரடியாகப் புற்றுசெல்லைக் கொல்வதில்லை. நோய் எதிர்ப்பு செல்களைத் தட்டி எழுப்புகிறது.

"ஊசியில் 2 மில்லிகிராம்தானே, கேப்சூலில் 500 மில்லிகிராம் இருக்கிறதே" என்று விற்பவர் கணக்குச் சொல்லலாம். அந்தக் கணக்கு செல்லாது. லென்டினான் பல லட்சம் டால்டன் (மூலக்கூறின் எடையைச் சொல்லும் அலகு) எடையுள்ள பெரிய மூலக்கூறு, பீட்டா குளுக்கான் வகைச் சர்க்கரைச் சங்கிலி. குடல் சுவரைத் தாண்டி முழுசாக ரத்தத்துக்குள் போகாது. வாயால் சாப்பிட்டது குடலில் உள்ள எதிர்ப்பு செல்களோடு ஏதோ பேசலாம்; ஊசி செய்த வேலையைச் செய்யும் என்று அதை வைத்துச் சொல்ல முடியாது.

வாயால் கொடுத்ததும் ஒன்று உண்டு. வான்கோழி வால் காளானிலிருந்து எடுத்த பி.எஸ்.கே. என்ற சத்து, 'கிரெஸ்டின்' என்ற பெயரில் 1977-இல் ஜப்பானில் ஒப்புதல் பெற்றது. நாளொன்றுக்கு 3 கிராம், அதுவும் சுத்திகரித்த சத்து, அதுவும் கீமோவுக்குத் துணையாகத்தான். இந்த 3 கிராமை மனதில் வைத்துக்கொண்டு, 'ஏழு காளான் கலவை, 1000 மில்லிகிராம்' என்று எழுதிய டப்பாவைப் பாருங்கள். சமமாகப் பிரித்தாலும் ஒரு காளானுக்கு 143 மில்லிகிராம்தான் வரும், அதுவும் வெறும் பொடியாக.

ஏற்கெனவே வாங்கிவிட்டீர்கள் என்றால் டப்பாவைப் பையில் போட்டுக்கொண்டு போய்ப் புற்றுநோய் மருத்துவரிடம் காட்டுங்கள். பெயரை மட்டும் வாயால் சொல்வது போதாது. உள்ளே என்ன இருக்கிறது என்று அவர் படிக்க வேண்டும். ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுபவர்கள், உறுப்பு மாற்று செய்துகொண்டு எதிர்ப்புச் சக்தியை அடக்கும் மருந்தில் இருப்பவர்கள், கல்லீரல் கோளாறு உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் தொடவே வேண்டாம். ரெய்ஷி எனும் லிங்ஷி காளான் பொடி சாப்பிட்டவர்களிடம் கடுமையான கல்லீரல் பாதிப்பு பதிவாகியிருக்கிறது. சாகா காளான் பொடியில் ஆக்ஸலேட் என்ற, சிறுநீரகத்தில் படியும் உப்பு அதிகம். மாதக்கணக்கில் சாப்பிட்டுச் சிறுநீரகம் கெட்டவர்கள் உண்டு.

கேள்வி: சிப்பிக் காளான் புழுக்களைக் கொல்லும் என்று விஞ்ஞானிகளே நிரூபித்திருக்கிறார்களாம். குடற்புழுவுக்கு மாத்திரைக்குப் பதிலாகப் பிள்ளைக்குச் சிப்பிக் காளான் பொடி தரலாமா?

பதில்: தர வேண்டாம். செய்தி பொய்யில்லை, அது நடக்கும் இடம்தான் வேறு. சிப்பிக் காளான் வளர்வது மக்கும் மரத்தில். மரத்தில் நைட்ரஜன் குறைவு. அதை ஈடுகட்ட அந்தப் பூசணம் நூற்புழுக்களை வேட்டையாடுகிறது. அதன் இழைகளில் குச்சி மிட்டாய் போலச் சின்னச் சின்னக் குமிழ்கள் நிற்கும். புழு உரசியதும் குமிழ் உடைந்து 3-ஆக்டனோன் என்ற ஆவியாகும் பொருள் வெளிவரும். சில நிமிடங்களில் புழு விறைத்துப்போகும், பிறகு இழைகள் உள்ளே புகுந்து தின்றுவிடும். குமிழில் இருப்பது 3-ஆக்டனோன்தான் என்று 2023-இல் கண்டுபிடித்தார்கள்.

கவனியுங்கள்: இது உயிரோடு இருக்கும் இழை செய்யும் வேலை. நாம் சாப்பிடுவது குடை. காய வைத்து அரைத்த பொடியில் அந்த ஆவிப்பொருள் எங்கே மிஞ்சும்? வயிற்றுக்குள் போய்க் குமிழ் முளைக்கவும் போவதில்லை. குடற்புழுவுக்கு அல்பெண்டசோல் போன்ற மாத்திரை பெரும்பாலும் ஒரே வேளையில் வேலையை முடிக்கிறது. வயதுக்கேற்ற அளவை மருத்துவர் சொல்வார்.

இதே தட்டில் கார்டிசெப்ஸ் காளானையும் வைத்து விற்கிறார்கள். அதில் உள்ள கார்டிசெபின், தூக்க நோய் உண்டாக்கும் டிரிபனோசோம் ஒட்டுண்ணியை எலிகளில் ஒழித்தது என்று 2005-இல் வந்த ஆய்வைக் காட்டுவார்கள். காட்டாமல் விடுவது இதை: நம் உடம்பில் உள்ள ஒரு நொதி கார்டிசெபினை மளமளவென்று சிதைத்துவிடும். அந்த நொதியைத் தடுக்கும் இன்னொரு மருந்தையும் கூடவே கொடுத்ததால்தான் எலிகளில் பலித்தது. கேப்சூலில் அந்த இரண்டாவது மருந்து கிடையாது, இருக்கவும் கூடாது.

கேள்வி: படர்தாமரைக்குக் காளான் சாறு கலந்த களிம்பு பயன்படுமா?

பதில்: ஷிடாக்கேயில் லென்டின், கிங் ஆய்ஸ்டர் காளானில் எரிஞ்ஜின் என்று பூஞ்சையைத் தடுக்கும் புரதங்கள் கண்டுபிடிக்கப்பட்டது உண்மை. இரண்டும் ஆய்வகத் தட்டோடு நிற்கின்றன. புரதம் என்பதால் வாயால் சாப்பிட்டால் இறைச்சி, பருப்பு போலவே செரித்துப்போகும். களிம்பில் எவ்வளவு இருக்கிறது, எத்தனை நாள் கெடாமல் இருக்கும் என்று அட்டையில் எழுதியிருக்கிறதா பாருங்கள். பெரும்பாலும் 'காளான் சாறு' என்பதோடு சரி. படர்தாமரைக்கு குளோட்ரிமசோல் அல்லது டெர்பினஃபைன் களிம்பு வாங்குங்கள். ஸ்டீராய்டு கலந்த கூட்டுக் களிம்பு மட்டும் வேண்டாம்: இரண்டே நாளில் அரிப்பு அடங்கும், பூஞ்சை அடியில் பரவிக்கொண்டிருக்கும்.

காளானிலிருந்து வந்த பூஞ்சைக்கொல்லிகளில் உலகம் முழுக்க விற்பனைக்கு வந்தவை ஸ்ட்ரோபிலுரின் வகைதான். 1977-இல் ஊசியிலை மரக் கூம்புகளில் முளைக்கும் ஒரு சிறு காளானில் கண்டார்கள். அதை மாதிரியாக வைத்துச் செய்த அசாக்ஸிஸ்ட்ரோபின் இன்று வயலில் தெளிக்கப்படுகிறது. தோலுக்கு அல்ல.

கேள்வி: நோய்க்கு என்று இல்லை, சத்துக்காக ஒரு காளான் பொடி வாங்க நினைக்கிறேன். நல்லதை எப்படிக் கண்டுபிடிப்பது?

பதில்: அட்டையில் முதலில் பார்க்க வேண்டியது காளானின் எந்தப் பாகம் என்பதை. 'மைசீலியம்' என்று இருந்தால், அரிசியிலோ ஓட்ஸிலோ பூசண இழையை வளர்த்து, தானியத்தோடு சேர்த்து அரைத்த பொடியாக இருக்க வாய்ப்பு அதிகம். காளான் பண்ணைக்காரர்கள் 'வித்து' என்று பையில் போடுவார்களே, கிட்டத்தட்ட அதே சரக்கு. அதைக் காளான் விலைக்கு வாங்குகிறீர்கள்.

அடுத்தது 'பாலிசாக்கரைடு 40%' என்ற வரி. மாவுச்சத்தும் பாலிசாக்கரைடுதான்! 'பீட்டா குளுக்கான்' எவ்வளவு என்று தனியாகப் போட்டிருக்க வேண்டும். ஆல்ஃபா குளுக்கான் (தானிய மாவுச்சத்து இந்த வகைதான்) எண்ணும் இருந்தால் இன்னும் நல்லது. அது 5 சதவீதத்துக்குள் இருந்தால் தானியம் கலக்கவில்லை என்று எடுத்துக்கொள்ளலாம். '10:1 எக்ஸ்ட்ராக்ட்' என்பது எத்தனை கிலோ காளானிலிருந்து ஒரு கிலோ எடுத்தார்கள் என்பதை மட்டும் சொல்கிறது. அந்த ஒரு கிலோவில் என்ன இருக்கிறது என்பதைச் சொல்லாது.

தானியக் கலப்பை வீட்டிலேயே சோதிக்கலாம். கால் தேக்கரண்டி பொடியை 50 மில்லி தண்ணீரில் போட்டு இரண்டு நிமிடம் கொதிக்க விடுங்கள். முழுக்க ஆறட்டும், சூட்டில் நீல நிறம் தெரியாது. அவசரப்படுபவர்கள் இங்கேதான் ஏமாறுகிறார்கள். காயத்துக்குப் போடும் போவிடோன் அயோடினைப் பத்து மடங்கு தண்ணீரில் கலந்து, ஆறிய சாற்றில் மூன்று சொட்டு விடுங்கள். பக்கத்தில் சோறு வடித்த கஞ்சி ஒரு கிண்ணம், வெறும் தண்ணீர் ஒரு கிண்ணம் வைத்து அவற்றிலும் மூன்று சொட்டு. பொடி கஞ்சியைப் போலக் கருநீலமாக மாறினால் உள்ளே மாவு இருக்கிறது. பழுப்பாகவே நின்றாலோ லேசாகச் செம்பழுப்பானாலோ மாவு இல்லை. சாகா போன்ற கறுத்த பொடியென்றால் சாற்றை இன்னும் நீர்க்கச் செய்துகொண்டு பாருங்கள். வைட்டமின் சி சேர்த்த பொடியில் இந்தச் சோதனை செல்லாது, அது அயோடின் நிறத்தையே வெளுக்கடித்துவிடும். மால்டோடெக்ஸ்ட்ரின் கலப்பும் இதில் பிடிபடாமல் போகலாம். சோதித்த எதையும் குடிக்காமல் கொட்டிவிடுங்கள்.

கடைசியாக, உலோகச் சோதனை அறிக்கை. காளான் தான் வளரும் இடத்திலிருந்து காட்மியம், ஈயம், ஆர்செனிக், பாதரசத்தை உறிஞ்சிச் சேர்த்து வைக்கும். உங்கள் டப்பாவில் உள்ள தொகுதி எண்ணுக்கான அறிக்கையைக் கேளுங்கள். மூன்று வருடத்துக்கு முந்தைய 'மாதிரி அறிக்கை'யை அனுப்பினால் வாங்க வேண்டாம். அட்டையிலேயே 'புற்றுநோய் குணமாகும்' என்று இருந்தால் மற்ற எதையும் படிக்கத் தேவையில்லை, கீழே வைத்துவிடலாம்.

கேள்வி: பேசாமல் காளானையே சமைத்துச் சாப்பிட்டால் போதாதா?

பதில்: சத்துக்கென்றால் தாராளமாகப் போதும். நன்றாக வேக வையுங்கள். காளானின் செல் சுவரில் கைட்டின் என்ற கடினமான பொருள் இருக்கிறது, பச்சையாகத் தின்றால் சரியாகச் செரிக்காது. ஷிடாக்கேயை அரைவேக்காட்டில் சாப்பிட்ட சிலருக்கு ஓரிரு நாளில் முதுகிலும் வயிற்றிலும் சாட்டையால் அடித்தது போலச் சிவந்த கோடுகள் எழும்பும். அதற்குக் காரணமாகச் சந்தேகிக்கப்படுவது, முதல் கேள்வியில் வந்த அதே லென்டினான்.