கேள்வி பதில்: ஒட்டுக்கேட்பவர்களைப் பற்றி எழுதுகிறவர்கள்

அமெரிக்க உளவு அமைப்புகளைப் பற்றி எழுதிய செய்தியாளர்களையும், அவர்கள் மேல் பாய்ந்த வழக்குகளையும் இதழியல் மாணவர்களுக்குப் பாடமாக எடுக்கிறவன் நான். ஒரே மாதிரி வந்த கேள்விகளைச் சேர்த்துப் பதில் எழுதியிருக்கிறேன்.

சார், ரகசிய ஆவணம் எப்படித்தான் கைக்கு வருகிறது? யாராவது கவரில் போட்டு அனுப்புவார்களா?

ஆவணம் முதலில் வருவது அபூர்வம். முதலில் வருவது ஆள், அதுவும் அரைகுறைத் தகவலோடு. 2004இல் அமெரிக்க நீதித்துறை வழக்கறிஞர் தாமஸ் டாம், ஒரு மெட்ரோ நிலையத்துப் பொதுத் தொலைபேசியிலிருந்து நியூயார்க் டைம்ஸுக்குப் பேசினார். என்ன நடக்கிறது என்று அவருக்கே முழுசாகத் தெரியாது. சட்டத்துக்குப் புறம்பாக ஏதோ ஓடுகிறது என்ற உறுத்தல் மட்டும்தான். அந்தப் பத்திரிகையின் செய்தியாளர்கள் ஜேம்ஸ் ரைசனும் எரிக் லிக்ட்ப்ளாவும் ஏறக்குறைய பன்னிரண்டு அதிகாரிகளிடம் பேசித்தான் மீதியைக் கோத்தார்கள். உளவுக் கண்காணிப்பைக் கட்டுப்படுத்தும் 1978ஆம் வருடச் சட்டப்படி வாங்க வேண்டிய நீதிமன்ற அனுமதியை வாங்காமலேயே, அமெரிக்கர்களின் வெளிநாட்டு அழைப்புகளை என்எஸ்ஏ என்ற தேசியப் பாதுகாப்பு முகமை ஒட்டுக்கேட்டது. செய்தி அதுதான்.

அந்தச் செய்தியை டைம்ஸ் ஒரு வருடத்துக்கு மேல் அமுக்கி வைத்தது உண்மையா?

உண்மை. 2004 தேர்தலுக்கு முன்பே வரைவு தயார். வெளியிட்டால் பயங்கரவாதிகள் உஷாராகிவிடுவார்கள் என்று வெள்ளை மாளிகை சொன்னது, ஆசிரியர் குழு அதை ஏற்றுக்கொண்டது. ரைசன் அதையே தன் புத்தகத்தில் போடப்போகிறார் என்று தெரிந்த பிறகுதான் பேச்சு மீண்டும் தொடங்கியது. 2005 டிசம்பரில் அதிபர் புஷ் பதிப்பாளரையும் ஆசிரியரையும் நேரில் அழைத்து, வேண்டாம் என்று கேட்டார். 16ஆம் தேதி செய்தி அச்சில் வந்தது. அடுத்த வருடம் புலிட்சர் பரிசும் வந்தது.

அரசு தரப்பைக் கேட்டதில் தப்பில்லை, கேட்காமல் போடுவதுதான் பொறுப்பின்மை. ஆனால் தொலைபேசியை யாரோ கேட்பார்கள் என்பது எந்தப் பயங்கரவாதிக்குத் தெரியாது? அந்தச் செய்தியில் புதிதாக இருந்தது நீதிமன்றத்தைத் தாண்டிப் போனார்கள் என்பது மட்டும். அது பயங்கரவாதியை உஷார்ப்படுத்தாது, வாக்காளரை உஷார்ப்படுத்தும். அதனால் அந்தத் தாமதத்தை என்னால் நியாயப்படுத்த முடியவில்லை.

ரைசன் ஜெயிலுக்குப் போனாரா அண்ணா?

போகவில்லை. வேறொருவர் போனார்.

அதே புத்தகத்தில் ஈரான் அணுத்திட்டத்தைக் குழப்ப சிஐஏ போட்ட ஒரு திட்டமும் இருந்தது. அதைச் சொன்னது யார் என்று சாட்சி சொல்லும்படி 2008இல் ரைசனுக்கு நோட்டீஸ் வந்தது. மறுத்தார். 2014இல் உச்ச நீதிமன்றம் அவர் மேல்முறையீட்டை ஏற்கவில்லை. செய்தியாளருக்கு அப்படியொரு தனிச்சலுகை கிடையாது என்று 1972லேயே தீர்ப்பு சொன்ன நீதிமன்றம்தானே அது. கடைசியில், 2015 ஜனவரியில், நீதித்துறையே அவரைச் சாட்சிக்கூண்டில் ஏற்ற வேண்டாமென்று விட்டுவிட்டது. ஏழு வருட இழுபறி.

அவர் வாயே திறக்காமல் வழக்கு முடிந்தது என்பதுதான் கவனிக்க வேண்டியது. சிஐஏ முன்னாள் அதிகாரி ஜெஃப்ரி ஸ்டெர்லிங், தான் சொல்லவில்லை என்று மறுத்தும், குற்றவாளி என்று ஜூரி முடிவு செய்தது. மூன்றரை வருடத் தண்டனை. யார் யாருக்கு எப்போது எத்தனை நிமிடம் பேசினார்கள் என்ற பட்டியல் சாட்சியங்களில் முக்கியமானது. என்ன பேசினார்கள் என்பதற்குப் பதிவு இல்லை.

அப்படியென்றால் பேச்சை மறையாக்கி அனுப்பும் சிக்னல் மாதிரி ஆப் போதுமா?

பேச்சை மறைக்கும். பழக்கத்தை மறைக்காது. 2017இல் என்எஸ்ஏ ஒப்பந்த நிறுவன ஊழியர் ரியாலிட்டி வின்னர் மாட்டிய கதையைப் பாருங்கள். அவர் ஒரு ரகசிய அறிக்கையை அச்சிட்டு, மடித்து, ஒரு செய்தி நிறுவனத்துக்குத் தபாலில் அனுப்பினார். உண்மையான ஆவணம்தானா என்று சரிபார்க்கச் செய்தியாளர்கள் அதன் நகலை அரசிடமே காட்டினார்கள். நகலில் மடிப்புத் தடம் தெரிந்தது, ஆகவே யாரோ அச்சிட்டிருக்கிறார்கள். அச்சிட்டவர்கள் மொத்தம் ஆறு பேர். அதில் ஒருவர் அலுவலகக் கணினியிலிருந்து அந்தச் செய்தி நிறுவனத்துக்கு மின்னஞ்சல் அனுப்பியிருந்தார். ஐந்து வருடம் மூன்று மாதம் தண்டனை.

எந்தப் பூட்டும் உடைக்கப்படவில்லை. வந்த தாளை அப்படியே காட்டாமல், தட்டச்சு செய்து வாசகத்தை மட்டும் கேட்டிருக்கலாம். இதை வகுப்பில் சொல்லும்போது எனக்கு இன்றும் கோபம் வரும்.

ரகசியம் சொல்ல ஆளே இல்லாத புது நிருபர் என்ன செய்வது மேடம்/சார்?

சார்தான். காகிதத்தில் தொடங்குங்கள். எழுத்தாளர் ஜேம்ஸ் பாம்ஃபோர்ட் 1982இல் என்எஸ்ஏ பற்றிப் புத்தகம் எழுதியபோது அந்த அமைப்பின் பெயரையே பலர் கேட்டதில்லை. என்எஸ்ஏ என்றால் ‘நோ சச் ஏஜென்சி’ (அப்படியொரு அமைப்பே இல்லை) என்று கிண்டல் செய்வார்கள். அவர் நூலகத்தில் கிடந்த ஊழியர் செய்திமடல்களையும், தகவல் உரிமைச் சட்டப்படி கேட்டு வாங்கிய ஆவணங்களையும் படித்தார். கொடுத்த ஆவணங்களைத் திருப்பிக் கொடு என்று அரசு பிறகு கேட்டது. கொடுக்கவில்லை.

இதெல்லாம் தேசத்துரோகம் இல்லையா?

1945 முதல் 1975 வரை வெளிநாட்டுத் தந்திகளின் நகல்களைத் தந்தி நிறுவனங்கள் உளவு அமைப்புகளுக்குக் கொடுத்துவந்தன. ஷாம்ராக் என்று பெயர். சிஐஏ சொந்த மக்களையே வேவு பார்த்ததை 1974 டிசம்பரில் செய்தியாளர் சீமோர் ஹெர்ஷ் எழுதினார். அதைத் தொடர்ந்து அமைந்த செனட் விசாரணைக் குழுதான் ஷாம்ராக்கையும் வெளியே இழுத்தது. நீங்கள் துரோகம் என்கிற அந்த வேலையின் தொடர்ச்சியாகத்தான் 1978 சட்டமே பிறந்தது.

உளவாளியின் பெயர், நடந்துகொண்டிருக்கும் நடவடிக்கை, இதையெல்லாம் போடக்கூடாது என்பதில் எனக்கும் மாற்றுக் கருத்து இல்லை.