பழைய கொம்பியூட்டர் இருக்கட்டும், பழைய டிஸ்க் வேண்டாம்

கேள்வி: 2013இல் வாங்கிய டெஸ்க்டாப் ஒன்று வீட்டில் சும்மா கிடக்கிறது. மூன்றாம் தலைமுறை கோர் ஐ5, 8 ஜிபி ராம், 500 ஜிபி ஹார்ட் டிஸ்க். விண்டோஸ் 11 போட முடியாது என்று கடையில் சொல்லிவிட்டார்கள். காலஞ்சென்ற அப்பாவின் படங்கள் அதில்தான் இருக்கின்றன. அக்காவின் கலியாண டிவிடிகளும் தங்கச்சியின் சாமத்திய வீட்டு டிவிடிகளும் அலுமாரியில் கிடக்கின்றன. எங்கள் மூன்று போன்களும் நிரம்பிவிட்டன. இந்தக் கொம்பியூட்டரையே சேர்வராக மாற்றி எல்லாவற்றையும் ஓரிடத்தில் வைத்து, டிவியிலும் பார்க்க முடியுமா? கனடாவில் இருக்கும் அண்ணாவும் பார்த்தால் நல்லது. கரண்ட் பில் கூடிவிடும் என்று அம்மா பயப்படுகிறார். — வாசகி, வெள்ளவத்தை

பதில்: முடியும், தாராளமாக முடியும். ஆனால் இன்றைக்கு அதில் ஒன்றையும் இன்ஸ்டால் செய்யாதீர்கள். சேர்வர் மென்பொருள்கள் பெரும்பாலும் தாங்கள் ஏறும் டிஸ்க்கை முழுதாக அழித்துவிட்டுத்தான் ஏறும். உங்கள் அப்பாவின் படங்கள் இருப்பதோ அந்த ஒரே டிஸ்க்கில். வெளியே மாட்டும் டிஸ்க் ஒன்றை வாங்கியோ இரவல் வாங்கியோ முதலில் அவற்றைப் பிரதி எடுங்கள். எடுத்த பிறகு பத்துப் பதினைந்து படங்களைத் திறந்து பாருங்கள். கோப்பின் பெயர் தெரிவதும் படம் திறப்பதும் ஒன்றல்ல.

இதை நான் பட்டுத் தெரிந்துகொண்டேன். 2022இல் ஒரு நாளைக்குப் பல மணித்தியாலம் கரண்ட் இல்லாமல் இருந்தோமே, அந்த நாட்களில் ஒரு இரவு கரண்ட் திரும்பி வந்ததும் என் மேசைக்கு அடியில் இருந்த டிஸ்க் 'டிக், டிக்' என்று தட்டத் தொடங்கியது. சனிக்கிழமை பிரதி எடுக்கலாம் என்று வைத்திருந்தேன். அது சனிக்கிழமை வரை பொறுக்கவில்லை.

பிரதி எடுத்தாயிற்றா, சரி. இனி எதை வைத்துக்கொள்வது, எதை மாற்றுவது என்று பார்ப்போம். பிராசசரும் ராமும் இந்த வேலைக்குத் தேவைக்கு மேலேயே இருக்கின்றன. கோப்புகளைக் கொடுத்து வாங்குவது பிராசசருக்குப் பெரிய பாரமே இல்லை. விண்டோஸ் 11 கேட்பது எட்டாம் தலைமுறை இன்டெலும் டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதியும். அது இல்லாததால் உங்கள் இயந்திரம் பழுதென்று ஆகாது. விண்டோஸ் 10க்கான வழமையான பாதுகாப்பு அப்டேட்கள் 2025 ஒக்டோபர் 14உடன் நின்றுவிட்டன, அதனால் சேர்வராக அதைத் தொடர்ந்து ஓட்டுவதும் புத்தியில்லை. லினக்ஸ் போடுவோம், அதற்கு 2013 ஒரு வயதே இல்லை.

நம்பக் கூடாதது டிஸ்க். கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ என்ற இலவச மென்பொருளை விண்டோஸில் ஓட்டினால், டிஸ்க் தன்னைப் பற்றித் தானே எழுதிவைத்திருக்கும் குறிப்புகள் தெரியும். 'ரீஅலொகேட்டட் செக்டர்ஸ்', 'கரண்ட் பென்டிங் செக்டர்ஸ்' என்ற இரண்டு வரிகளையும் பாருங்கள். அவற்றின் 'ரோ' எண் பூச்சியமாக இருக்க வேண்டும். இல்லையென்றால் டிஸ்க்கை ஒரு பக்கம் வையுங்கள். 'பவர் ஒன் அவர்ஸ்' என்பது அது ஓடிய மணித்தியாலங்கள். ஒரு வருடம் என்பது 8,760 மணித்தியாலம், கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். இரண்டும் பூச்சியமாகவே இருந்தாலும், இவ்வளவு வயதான டிஸ்க்கில் அப்பாவின் படங்களை நான் வைக்க மாட்டேன்.

ஆகவே காசைச் செலவழிக்க வேண்டிய இடம் இதுதான். கோப்புகளுக்கு 4 டிபி உள் டிஸ்க் ஒன்று, அதே அளவில் வெளியே மாட்டும் டிஸ்க் ஒன்று, லினக்ஸ் ஏற 120 ஜிபி எஸ்எஸ்டி ஒன்று. மூன்றும் புதியதாக இருக்கட்டும். பம்பலப்பிட்டி யூனிட்டி பிளாசாவில் நாலு கடை ஏறி இறங்கி விலை கேட்டு, உத்தரவாதத்தை எழுத்தில் வாங்குங்கள். 'பாவித்தது, ஆனால் புதுசு மாதிரி' என்று டிஸ்க் நீட்டினால் சிரித்துவிட்டு நகருங்கள். ராம், கேஸ், கேபிள் எல்லாம் பாவித்ததாக இருக்கலாம், டிஸ்க் மட்டும் கூடாது. இன்னொன்று: உங்களுடையது போன்ற பழைய மதர்போர்டு 2 டிபிக்கு மேற்பட்ட டிஸ்க்கில் இருந்து பூட் ஆக மறுக்கலாம். எஸ்எஸ்டியில் இருந்து பூட் ஆகி, பெரிய டிஸ்க்கைக் கோப்புகளுக்கு மட்டும் பாவித்தால் அந்தச் சிக்கல் வராது. அதற்காகத்தான் எஸ்எஸ்டியைத் தனியாகச் சொன்னேன்.

இரண்டு டிஸ்க்கையும் உள்ளேயே மாட்டி, இரண்டிலும் ஒன்றையே எழுதும்படி 'ரெய்டு' செய்து தருகிறேன் என்று யாராவது சொல்லலாம். ஒரு டிஸ்க் செத்தால் மற்றது வேலையைத் தொடரும் என்பது உண்மை. ஆனால் யாராவது ஒரு போல்டரைத் தவறி அழித்தால், ரெய்டு இரண்டு டிஸ்க்கிலும் ஒரே நேரத்தில் ஒழுங்காக அழித்துக் கொடுக்கும். இடி விழுந்தாலும் இரண்டும் ஒரே பெட்டியில்தான் இருக்கின்றன. உங்கள் வீட்டுக்குத் தேவை இடைவிடாத சேவை இல்லை, தொலையாத படம். அதனால் இரண்டாவது டிஸ்க் வெளியேதான் இருக்க வேண்டும்.

அடுத்தது அம்மாவின் பயம். அது நியாயமானது. இப்படிப்பட்ட டெஸ்க்டாப் சும்மா இருக்கும்போதே ஏறக்குறைய 45 வாட் இழுக்கும். நாள் முழுக்க ஓடினால் மாதத்துக்கு 32 யூனிட். நம் நாட்டில் மின்கட்டணம் படி படியாக ஏறுவது. நீங்கள் ஏற்கெனவே ஒரு படியின் விளிம்பில் நின்றால், இந்த 32 யூனிட் உங்களை அடுத்த படியில் ஏற்றிவிடும். கடைசி மூன்று மாத பில்லை எடுத்து எங்கே நிற்கிறீர்கள் என்று பாருங்கள்.

ஆனால் சேர்வர் என்றால் 24 மணித்தியாலமும் ஓட வேண்டும் என்று சட்டமா? வீட்டில் எல்லாரும் டிவி பார்ப்பது பின்னேரத்துக்குப் பிறகுதானே. போர்டின் பயோஸில், அதாவது விண்டோஸுக்கோ லினக்ஸுக்கோ முன்னால் எழும்பும் அடிப்படை அமைப்பில், குறித்த நேரத்துக்குத் தானாக எழும்பும் வசதி பெரும்பாலும் இருக்கும். பின்னேரம் 5 மணிக்கு எழும்பி, இரவு 11 மணிக்கு அணையும்படி வைத்தால் மாதத்துக்கு 8 யூனிட் அளவில் முடிந்துவிடும். உள்ளே தனி கிராபிக்ஸ் கார்ட் இருந்தால் கழற்றிவிடுங்கள், அது வீணாக இழுக்கிறது. திரை உடைந்த பழைய லப்டொப் உறவுக்காரர் யாரிடமாவது கிடந்தால் அதையும் யோசிக்கலாம். 10, 15 வாட்தான் எடுக்கும். பற்றரி வீங்கியிருந்தால் மட்டும் தொடவே வேண்டாம்.

பெட்டியைத் திறந்து துப்புரவு செய்யாமல் தொடங்காதீர்கள். காலி வீதியில் இருந்து கடல் பக்கம் இறங்கும் ஒழுங்கை எதிலாவது உங்கள் தொடர்மாடி இருந்தால், யன்னலால் வரும் உப்புக் காற்று பத்து வருடமாக அந்தப் பெட்டிக்குள்ளும் போயிருக்கிறது. ராமைக் கழற்றி, அதன் பொன்னிறக் கால்களை வெள்ளை அழிறப்பரால் மெதுவாகத் தேய்த்துத் திரும்பப் போடுங்கள். எங்கள் தொழிலில் பாதிப் 'பழுது' இதிலேயே தீர்ந்துவிடும். விசிறிகளைத் தூரிகையால் தட்டும்போது அவை சுழலாதபடி விரலால் பிடித்துக்கொள்ளுங்கள். போர்டில் இருக்கும் சிஆர் 2032 நாணய பற்றரியையும் மாற்றுங்கள். அது செத்திருந்தால் கரண்ட் போகும்போதெல்லாம் நேரமும் பயோஸ் அமைப்புகளும் மறந்துபோகும், நீங்கள் வைத்த 5 மணியும் சேர்ந்து போகும். பவர் சப்ளை 2013இல் வந்ததென்றால் அதையும் மாற்றுவேன். அது போகும்போது தனியாகப் போவதில்லை.

சிறிய யூபிஎஸ் ஒன்றும் வேண்டும். மணிக்கணக்கில் ஓட்ட இல்லை, ஒழுங்காக அணைக்க. யூஎஸ்பி வயர் உள்ளதாகப் பார்த்து வாங்கினால், கரண்ட் போனதை அது சேர்வருக்குச் சொல்லி, சேர்வர் தானே அணைந்துகொள்ளும். வீட்டில் யாரும் இல்லாத நேரத்தில்தான் கரண்ட் போகும் என்பது உங்களுக்கும் தெரியும்.

மென்பொருளில் அதிகம் மினக்கெட வேண்டியதில்லை. ஓபன் மீடியா வோல்ட் என்ற சேர்வர் மென்பொருளைப் போடுங்கள். டெபியன் லினக்ஸின் மேல் கட்டியது, இலவசம், வேறு கொம்பியூட்டரின் பிரவுசரில் இருந்தே எல்லாவற்றையும் இயக்கலாம். ட்ரூநாஸ் இன்னும் பலமானது, ஆனால் உங்கள் தேவைக்கு அது சந்தைக்குப் போக லொறி எடுப்பது மாதிரி. டிவிக்கு ஜெலிஃபின். அதுவும் இலவசம், 2018 கடைசியில் எம்பி (Emby) என்ற மென்பொருளிலிருந்து பிரிந்து வந்தது. போன் படங்களுக்கு இமிச். அண்ட்ரொய்ட், ஐபோன் இரண்டிலும் இருக்கிறது. ஐபோனில் மட்டும் இடையிடையே அந்தச் செயலியைத் திறந்துவிட வேண்டும், இல்லையென்றால் பின்னணியில் தூங்கிவிடும்.

சேர்வரை ரவுட்டருக்குப் பக்கத்தில் வைத்து வயரால் இணையுங்கள், வைஃபை வேண்டாம். இரு பக்கமும் கிகாபிட் போர்ட் என்றால் செக்கனுக்கு 110 எம்பி அளவில் போகும். 500 ஜிபி ஒன்றேகால் மணித்தியாலம். மலிவான சில பழைய போர்டுகளிலும் ரவுட்டர்களிலும் அதில் பத்தில் ஒரு பங்கு வேகம்தான், அதே வேலைக்கு அரை நாளுக்கு மேல் ஆகும். அப்படியானால் முதல் முறை பிரதி எடுக்கும்போது டிஸ்க்கை நேரடியாகவே மாட்டிவிடுங்கள். வீட்டுக்குள் நடக்கும் இந்தப் போக்குவரத்து உங்கள் மாத டேட்டாவில் ஒரு எம்பியும் எடுக்காது. நிறையப் பேர் இதைக் கேட்கிறார்கள்.

டிவியில் பார்ப்பதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. டிவிக்குப் புரியும் வடிவில் வீடியோ இருந்தால் சேர்வர் அதை அப்படியே அனுப்பிவிடும், வேலையே இல்லை. புரியாவிட்டால் ஓடும்போதே மாற்றிக் கொடுக்க வேண்டும், அங்கேதான் உங்கள் ஐ5 மூச்சு வாங்கும். எச்.264 என்ற வீடியோ வடிவம் என்றால் அதன் உள் கிராபிக்ஸ் உதவும். இப்போதைய போன்கள் எடுக்கும் எச்இவிசி என்ற புதிய வடிவம் அதற்குத் தெரியாது, அந்த வசதி இன்டெலில் முழுமையாக வந்தது 2015இன் ஆறாம் தலைமுறையில். ஆகவே புது டிவியாக இருந்தால் கவலை இல்லை. பழைய டிவி என்றால் அதில் மாட்டும் அண்ட்ரொய்ட் டிவி பெட்டி ஒன்று வாங்குவது, கொம்பியூட்டரை மாற்றுவதைவிட மலிவு.

கலியாண டிவிடிகளை முழுதாக டிஸ்க்கில் இறக்குங்கள். ஒன்று 4.7 ஜிபி, நூறு இருந்தாலும் 470 ஜிபிதான். பிறகு ஹேண்ட்பிரேக் என்ற மென்பொருள் மூலம் எச்.264க்கு மாற்றி அந்தப் பிரதியை ஜெலிஃபினுக்குக் கொடுங்கள். மாற்றும்போது 'டீஇன்டர்லேஸ்' போட மறக்க வேண்டாம், இல்லையென்றால் அசையும் ஆட்களின் ஓரமெல்லாம் சீப்புப் பல்லாகத் தெரியும். மூலத்தை அழிக்காதீர்கள். வீடியோ கசெட் ஏதும் மிஞ்சியிருந்தால் இந்த வேலைகளுக்கெல்லாம் முன் அதைக் கொடுத்து மாற்றுங்கள். கொழும்பின் ஈரத்தில் அதற்குப் பூஞ்சணம் பிடிக்கும்.

போல்டர்களுக்குத் தமிழில் பெயர் வைக்கலாம், ஆனால் நீட்டி முழக்காதீர்கள். லினக்ஸில் ஒரு பெயருக்கு 255 பைட் எல்லை. யுனிகோட் தமிழில் ஒரு குறியீட்டுக்கு 3 பைட், 'கி' என்பதே இரண்டு குறியீடு. ஐம்பது எழுத்தை நெருங்கும்போதே இடிக்கும். '2009 அக்கா கலியாணம்' போதும். அப்பா தட்டச்சு செய்த கடிதங்களோ கட்டுரைகளோ இருந்து, அவை பாமினியில் இருந்தால், அந்த எழுத்துருக் கோப்பையும் அதே போல்டரில் போட்டுவையுங்கள். பிறகு ஒரு நாள் திறக்கும்போது ஆங்கில எழுத்துகளாகச் சிதறிக் கிடந்தால் யாருக்கும் விளங்காது.

அண்ணாவுக்காக ரவுட்டரில் 'போர்ட்', அதாவது வெளியில் இருந்து உள்ளே வரும் வாசல், திறந்துவிடச் சொல்லி யாராவது சொன்னால் கேட்க வேண்டாம். 2017 மே மாதம், கோப்புகளைப் பூட்டிவைத்துக் காசு கேட்கும் வன்னாக்ரை உலகம் முழுக்கப் பரவியது, கோப்புப் பகிர்வுக்கான எஸ்எம்பி என்ற முறை வழியாகத்தான். டெயில்ஸ்கேல் போன்ற தனிவழி இணைப்பு மென்பொருள் ஒன்றைச் சேர்வரிலும் அவருடைய போனிலும் போட்டால், வெளியே ஒன்றையும் திறக்காமலே இருவரும் ஒரே வீட்டில் இருப்பது போல இணைந்துவிடுவீர்கள். அவர் பார்ப்பது மட்டும் உங்கள் டேட்டாவில் கழியும். 8 எம்பிபிஎஸ் வீடியோவில் இரண்டு மணித்தியாலம் என்பது 7 ஜிபிக்கு மேல். உங்கள் இணையத்தின் அப்லோட் வேகம் அதற்குத் தாங்குமா என்றும் பாருங்கள், விளம்பரத்தில் பெரிதாகப் போடுவது டவுன்லோட் வேகத்தை. நேரம் ஒத்துவரும்: நமக்குப் பின்னேரம் 5 மணி, டொரொன்டோவில் கோடை காலமானால் காலை ஏழரை. ஞாயிற்றுக்கிழமை தேத்தண்ணியோடு உட்கார்ந்து அக்காவின் கலியாணம் பார்ப்பார்.

அந்த வெளி டிஸ்க்கை மாதத்துக்கு ஒரு முறை மாட்டிப் பிரதி எடுத்துக் கழற்றிவிடுங்கள். மாட்டியபடியே விடுவதென்றால் அது வெளியே இருப்பதில் பிரயோசனமில்லை. திகதியை ஒரு துண்டில் எழுதி அதன் மேல் ஒட்டி, அக்கா வேறு வீட்டில் இருந்தால் அங்கே கொண்டுபோய் வையுங்கள். முதலில் பிரதி எடுக்க டிஸ்க்கை இரவல் வாங்காமல் சொந்தமாக வாங்கியிருந்தால், அதில் அப்பாவின் படங்களை அப்படியே விட்டு, அண்ணா அடுத்த முறை வந்து போகும்போது அவருடைய பெட்டிக்குள் போட்டுவிடுங்கள்.