குழி விழுந்த கேக்கை என்ன செய்வது?

கேள்வி: வணக்கம் அம்மா. ஓவன் வாங்கி ஆறு மாதம் ஆகிறது. ஞாயிற்றுக்கிழமைகளில் குடும்பத்தில் எல்லோரும் எங்கள் வீட்டில்தான் கூடுவோம், எட்டு ஒன்பது பேர். அன்றைக்கு என் கையால் ஏதாவது பேக் செய்து வைக்க வேண்டும் என்று ஆசை. ஆனால் கேக் ஒவ்வொரு முறையும் ஒரே மாதிரி சொதப்புகிறது. நன்றாகப் பொங்கி வருகிறது, மேலே வெடித்துச் சிவக்கிறது, வெளியே எடுத்த கொஞ்ச நேரத்தில் நடுவில் குழி விழுந்துவிடுகிறது. வெட்டினால் உள்ளே ஈரமாகப் பிசுபிசுக்கிறது. குறிப்பில் எட்டு அங்குல டின் என்று இருந்தது. என்னிடம் இருப்பது ஆறு அங்குலம், ஆனாலும் மாவு வழியாமல் கொள்கிறது. நன்றாக உப்பட்டும் என்று பேக்கிங் பவுடரும் அரை ஸ்பூன் கூடவே போடுகிறேன். ஐந்து நிமிடத்துக்கு ஒரு தடவை திறந்தும் பார்க்கிறேன். "கடையிலேயே வாங்கியிருக்கலாமே" என்கிறார் என் கணவர். கேக் எனக்குச் சரிப்படாது என்றால், அந்தந்தப் பருவத்துப் பழத்தை வைத்து எல்லோருக்கும் எளிதாகச் செய்யக்கூடியது ஏதாவது சொல்லுங்கள். போன ஞாயிறு செய்ததில் பாதி ஃபிரிட்ஜில் இருக்கிறது. அதை என்ன செய்யலாம்?
– பெயர் வேண்டாம், ஒரு வாசகி

பதில்: அன்புள்ள வாசகிக்கு,

உங்கள் கடிதத்தைப் படித்ததும் முதலில் சிரிப்புதான் வந்தது, தப்பாக நினைக்காதீர்கள். கேள்விக்குள்ளேயே பதிலையும் எழுதி அனுப்பியிருக்கிறீர்கள். டின், பவுடர், கதவு. மூன்றையும் போகிற போக்கில் சொல்லியிருக்கிறீர்கள், மூன்றும் கூட்டுச் சேர்ந்துதான் உங்கள் கேக்கைக் குழியில் தள்ளுகின்றன. அதில் பெரிய குற்றவாளி டின்.

ஆறுக்கும் எட்டுக்கும் இரண்டு அங்குலம்தானே என்று தோன்றும். ஆனால் ஆறு அங்குல வட்டத்தின் பரப்பு சுமார் 28 சதுர அங்குலம், எட்டு அங்குல வட்டத்தின் பரப்பு 50. கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. அவ்வளவு மாவையும் சின்ன டின்னில் ஊற்றும்போது அது உயரமாக நிற்கிறது. சூடு ஓரத்திலிருந்தும் மேலிருந்தும் மெதுவாகத்தான் நடுவுக்குப் போய்ச் சேரும். அது போய்ச் சேருவதற்குள் மேல்பக்கம் வெந்து தோல் கட்டிவிடுகிறது. உள்ளே இருக்கும் மாவு இன்னும் உப்பிக்கொண்டே இருப்பதால் அந்தத் தோலைப் பிளந்துகொண்டு வருகிறது. நீங்கள் சொல்லும் வெடிப்பு அதுதான். மேலே சிவந்துவிட்டதே என்று நீங்கள் எடுத்துவிடுகிறீர்கள். நடுவில் இருப்பதோ காற்றை வைத்து ஊதிய பச்சை மாவு. சூடு தணிந்ததும் காற்று சுருங்குகிறது, தாங்குவதற்கு வெந்த மாவு இல்லை, உட்கார்ந்துவிடுகிறது.

"வழியாமல் கொள்கிறது" என்பது கணக்கில்லை அம்மா. டின்னில் பாதிக்கு மேல், மிஞ்சிப்போனால் மூன்றில் இரண்டு பங்கு, அதற்கு மேல் மாவு இருக்கக் கூடாது. எட்டு அங்குலத்துக்கான குறிப்பை ஆறு அங்குல டின்னில் செய்வதென்றால் எல்லாவற்றையும் சரிபாதியாக்கிவிடுங்கள். இல்லை, எட்டு ஒன்பது பேருக்கு வேண்டும் என்றால் எட்டு அங்குல டின் ஒன்று வாங்கிவிடுங்கள். வாங்கும்போது வெள்ளி நிறத்து அலுமினியமாகப் பாருங்கள். கறுப்பு டின் சூட்டை அதிகமாக உறிஞ்சி ஓரத்தையும் அடியையும் சீக்கிரம் சிவக்க வைக்கும்.

அடுத்து பவுடர். நிறையப் போட்டால் நிறைய உப்பும் என்ற கணக்கு ஓர் அளவு வரைக்கும்தான் ஓடும். அதற்கு மேல் போனால் குமிழ்கள் பெரிதாகி, ஒன்றோடொன்று சேர்ந்து, மாவு வெந்து இறுகும் முன்பே உடைந்துவிடும். சாப்பிட்டால் நாக்கில் சோப்புக் கசப்பும் தெரியும். 125 கிராம் மைதாவுக்குத் தலை தட்டிய ஒரு டீஸ்பூன் போதும். உங்கள் பவுடர் பழசாகிவிட்டதோ என்ற சந்தேகத்தில் கூடப் போடுகிறீர்களானால், அரை டீஸ்பூன் எடுத்துக் கொஞ்சம் வெந்நீரில் போட்டுப் பாருங்கள். சட்டென்று நுரைத்துப் பொங்கினால் நல்லது. சோம்பலாக நாலு குமிழ் விட்டால் தூக்கிப் போட்டுவிட்டுப் புதுசு வாங்குங்கள்.

இந்தப் பவுடருக்குப் பின்னால் ஒரு மனைவி இருக்கிறார். ஆல்ஃபிரட் பேர்ட் என்ற ஆங்கிலேய மருந்துக் கடைக்காரரின் மனைவிக்கு முட்டையும் ஈஸ்ட்டும் ஒத்துக்கொள்ளாது. அவருக்காக முட்டை இல்லாத கஸ்டர்ட் பவுடரை 1837-இலும், ஈஸ்ட் இல்லாமல் ரொட்டி உப்புவதற்கு ஒரு பேக்கிங் பவுடரை 1843-இலும் செய்தார். கடையில் வாங்கச் சொல்லும் உங்கள் கணவரிடம் இதைப் படித்துக் காட்டுங்கள்.

கதவைப் பற்றி நீட்டி முழக்க ஒன்றுமில்லை. சின்ன ஓவனில் ஒரு தடவை திறந்தாலே சூடு மளமளவென்று இறங்கும். சொல்லியிருக்கும் நேரத்தில் முக்கால் பங்கு முடியும் வரை கைவைக்காதீர்கள். கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொள்ளலாம், அதற்குத்தான் விளக்கு.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்கிறேன். ஓவனின் திருகில் 180 என்று வைத்தால் உள்ளே 180 இருக்கும் என்று நம்பாதீர்கள். பத்து இருபது டிகிரி கூடவோ குறையவோ இருப்பது சர்வ சாதாரணம். உள்ளே தொங்கவிடும் சின்னத் தெர்மாமீட்டர் ஒன்று வாங்குங்கள். அதோடு ஒரு கிச்சன் தராசும். ஒரு கப் மைதா என்பது அள்ளுகிற கையைப் பொறுத்தது. மெதுவாகத் தூவி நிரப்பினால் 120 கிராம், அழுத்தி அள்ளினால் 150-ஐத் தொடும். அப்புறம் "அளவு சரியாகத்தானே போட்டேன்" என்று குழம்பிக்கொண்டிருப்போம். அழகு அழகாக அச்சு வாங்குவதற்கு முன்னால் இந்த இரண்டையும் வாங்குங்கள் என்பேன்.

தராசு வந்ததும் குறிப்புப் புத்தகத்தையெல்லாம் மூடிவைத்துவிட்டு ஒரே ஒரு கேக்கைப் பழகுங்கள். இரண்டு முட்டையை ஓட்டோடு நிறுத்துப் பாருங்கள். 110 கிராம் வருகிறதா, அதே 110 வெண்ணெய், 110 பொடித்த சர்க்கரை, 110 மைதா. தலை தட்டிய ஒரு டீஸ்பூன் பேக்கிங் பவுடர், ஒரு சிட்டிகை உப்பு, ஒன்றிரண்டு ஸ்பூன் பால். உங்கள் ஆறு அங்குல டின்னுக்கு இதுதான் அளவு. எல்லாமே சம எடை என்பதால் மனப்பாடம் செய்ய வேண்டியதே இல்லை. நாலு முட்டை எடுத்தால் எட்டு அங்குல டின்.

இதில் கை பழக வேண்டிய இடம் ஒன்றே ஒன்று, வெண்ணெயும் சர்க்கரையும் அடிப்பது. வெண்ணெய் விரலால் அழுத்தினால் பள்ளம் விழ வேண்டும், ஆனால் எண்ணெயாக மினுங்கக் கூடாது. அடிக்க ஆரம்பிக்கும்போது மஞ்சளாக, கிண்ணத்தின் ஓரத்தில் அப்பிக்கொண்டு முரண்டு பிடிக்கும். விடாமல் அடியுங்கள், ஓரத்தை வழித்து வழித்து விடுங்கள். நாலைந்து நிமிடத்தில் நிறம் வெளுத்துக்கொண்டே வந்து தந்த நிறமாகும், கரண்டியில் எடுத்தால் கனமே தெரியாது. அப்போதுதான் காற்று உள்ளே போயிருக்கிறது என்று அர்த்தம். பேக்கிங் பவுடர் புதிதாகக் குமிழ் எதையும் உண்டாக்குவதில்லை, நீங்கள் அடித்து ஏற்றிய குமிழ்களைத்தான் பெரிதாக்குகிறது. பிறகு முட்டையை ஒவ்வொன்றாக ஊற்றுங்கள். ஃபிரிட்ஜிலிருந்து எடுத்த கையோடு ஊற்றினால் வெண்ணெய் இறுகித் திரிதிரியாகிவிடும். அப்படி ஆகிவிட்டாலும் பதறாதீர்கள், ஒரு ஸ்பூன் மைதா சேர்த்தால் கூடிவரும். மீதி மைதாவைப் போட்டதும் மாத்திரம் கையைக் கட்டிப்போடுங்கள். வெள்ளை மறையும் வரை கலந்தால் போதும், அதற்கு மேல் அடித்தால் கேக் இழுவையாகிவிடும்.

170 டிகிரியில் முப்பது முப்பத்தைந்து நிமிடம். நடுவில் விரலால் தட்டினால் எழும்பி வர வேண்டும், ஓரம் டின்னை விட்டு லேசாக விலகியிருக்க வேண்டும், குத்திய குச்சி ஈரமில்லாமல் வர வேண்டும். இன்னொரு சோதனையும் எனக்குப் பிடிக்கும். டின்னை வெளியே எடுத்துக் காதருகே வைத்துக் கேளுங்கள். உள்ளே பொரிகிற மாதிரி சளசளவென்று சத்தம் கேட்டால் இன்னும் ஈரம் ஆவியாகிக்கொண்டிருக்கிறது, ஐந்து நிமிடம் திரும்ப உள்ளே தள்ளுங்கள். சத்தம் ஏறக்குறைய அடங்கியிருந்தால் வெந்துவிட்டது. முதலில் வீட்டில் உள்ளவர்கள் ஒரு மாதிரியாகப் பார்ப்பார்கள், பரவாயில்லை.

சரி, இப்போது பழத்துக்கு வருவோம். கேக்கைவிட எனக்கு ஞாயிற்றுக்கிழமைக்குப் பிடித்தது கிரம்பிள்தான். அடியில் பழம், மேலே உதிரியான மாவு, அவ்வளவுதான். முட்டை கிடையாது, உப்ப வேண்டிய கவலை கிடையாது, குழி விழ வழியே இல்லை. உங்கள் ஒன்பது பேருக்கு ஒரு கிலோவுக்குக் கொஞ்சம் மேல் பழம், 200 கிராம் மைதா, 100 வெண்ணெய், 100 சர்க்கரை. மாவில் பாதி வெண்ணெய், பாதி சர்க்கரை என்று நினைவு வைத்துக்கொண்டால் போதும். இங்கே வெண்ணெய் சில்லென்று கட்டியாக இருக்க வேண்டும். சின்னத் துண்டுகளாக வெட்டி, மைதாவில் போட்டு, விரல் நுனியால் தேய்த்துத் தேய்த்து உதிருங்கள். உள்ளங்கை படக் கூடாது, அந்தச் சூட்டில் உருகிவிடும். எல்லாம் ஒரே சீரான பொடியாக வேண்டும் என்றில்லை. அங்கங்கே பட்டாணி அளவுக் கட்டி கிடந்தால்தான் வெந்தபின் மொறுமொறுப்பு இருக்கும். அப்புறம் சர்க்கரையைக் கலந்து பழத்தின் மேல் தூவுங்கள். அழுத்திவிடாதீர்கள்.

எந்தப் பழம் என்றால், அந்த வாரம் எது மலிவோ அது. ஆப்பிள், பேரி, பிளம்ஸ், பீச், பெர்ரி எல்லாமே சரிவரும். நன்றாகப் பழுத்ததை அப்படியே சாப்பிட்டுவிடுங்கள், கொஞ்சம் கெட்டியாக இருப்பதுதான் ஓவனுக்கு. நீர் விடுகிற பெர்ரி மாதிரிப் பழமானால் அரைக் கிலோவுக்கு ஒரு மேசைக்கரண்டி கார்ன்ஃபிளவரைப் பிரட்டிவிடுங்கள், இல்லாவிட்டால் மேல்மாவு ஊறிச் சொதசொதத்துவிடும். பழத்துக்கு எவ்வளவு சர்க்கரை என்று என்னைக் கேட்காதீர்கள். ஒரு துண்டைக் கடித்துப் பார்த்தால் உங்கள் நாக்கே சொல்லும், பருவத்தின் தொடக்கத்தில் வருகிற புளிப்பு கடைசியில் இருக்காது. 180 டிகிரியில் முப்பத்தைந்து நாற்பது நிமிடம். மேலே பொன்னிறமாகி, ஓரத்தில் பழச்சாறு கெட்டியாகக் கொதித்து எட்டிப்பார்த்தால் எடுத்துவிடலாம்.

இதில் பெரிய சௌகரியம், உதிர்மாவை முன்கூட்டியே செய்து டப்பாவில் போட்டு ஃபிரீசரில் வைத்துவிடலாம். இரண்டு மாதம் தாங்கும். ஞாயிறு காலையில் பழத்தை வெட்டித் தட்டில் பரப்பி, எல்லோரும் சாப்பிட உட்காரும்போது மாவைத் தூவி ஓவனில் வைத்தால், பேச்சு சூடுபிடிக்கும் நேரத்தில் வாசனை வந்துவிடும். உங்களுக்கும் ஒரு நாற்காலி கிடைக்கும். முந்திரி, பாதாம் எதையாவது மாவில் சேர்த்தால் மட்டும் யாருக்காவது அலர்ஜி உண்டா என்று கேட்டுவிட்டுச் சேருங்கள்.

இத்தனையும் செய்தும் ஒருநாள் கேக் குழிந்துவிட்டால்? குச்சியில் ஈரம் ஒட்டாமல் வந்திருந்தால் அது வெந்த கேக்தான், உருவம்தான் கொஞ்சம் அப்படி. என்னுடைய நாலாவதோ ஐந்தாவதோ கேக் விருந்தாளிகள் வந்து உட்கார்ந்த பிறகு கண்ணெதிரே அமுங்கியது. அழுகை வராத குறை. ஆறவிட்டு, அந்தக் குழியில் அடித்த கிரீமை நிரப்பி, மேலே நறுக்கிய பழத்தைக் குவித்துக் கொண்டுபோய் வைத்தேன். அடுத்த தடவை வந்தபோது "அந்தக் கிண்ணம் மாதிரி கேக் செய்தீர்களே, அது இல்லையா?" என்று கேட்டார்கள். அதை வேண்டுமென்றே எப்படிச் செய்வது என்று இன்றுவரை எனக்குப் பிடிபடவில்லை.

ஆனால் உங்கள் ஃபிரிட்ஜில் இருக்கும் பாதியின் கதை வேறு. நடுவில் பிசுபிசுப்பது வேகாத முட்டையும் மாவும், அதைக் குழந்தைகளுக்குக் கொடுத்துவிடாதீர்கள். அன்றைக்கே கேட்டிருந்தால், அந்த ஈரப் பகுதியை வெட்டி எறிந்துவிட்டு, வெந்த ஓரங்களைத் துண்டாக்கி 150 டிகிரியில் கால் மணி நேரம் மொறுக விட்டுப் பழத்தோடு கலந்து சாப்பிடச் சொல்லியிருப்பேன். பொதுவாகவே கேக்கை ஃபிரிட்ஜில் வைத்தால் வெளியே இருப்பதைவிடச் சீக்கிரம் வறண்டு இறுகிப்போகும். கிரீம் இல்லாத கேக் என்றால் மூடிய டப்பாவில் வெளியே இரண்டு நாள், அதற்கு மேல் வேண்டுமென்றால் ஃபிரீசர். நீங்கள் கடிதம் எழுதி, அது என் கைக்கு வந்து, இந்தப் பதில் அச்சாகி உங்கள் வீட்டுக்கு வருவதற்குள் எத்தனை ஞாயிறு போயிருக்கும் என்று எண்ணிப் பாருங்கள். டப்பாவைத் திறந்துகூடப் பார்க்காமல் குப்பையில் கொட்டிவிடுங்கள்.