கேள்வி நேரம்: முகாம் அறிக்கையும் பாட்டியின் மனுவும்

(இந்த முறை வந்த கடிதங்களில் பாதி கல்லூரி, முகாம், எழுத்து என்றே சுற்றி வந்தன. ஆகவே சினிமாக் கேள்விகளுக்கு அடுத்த இதழில் பதில். கோபப்பட வேண்டாம்.)

● எங்கள் கல்லூரி என்.எஸ்.எஸ். (நாட்டு நலப்பணித் திட்டம்) முகாம் முடிந்ததும் அறிக்கை எழுதும் வேலை என் தலையில் விழுந்தது. எழுதிக் கொடுத்தேன், 'அருமை' என்றார்கள். எனக்கோ படித்தால் அலுப்பாக இருக்கிறது. நன்றாக எழுதக் கற்றுக்கொள்ள ஏதாவது பட்டறைக்குப் போகலாமா?
— இரண்டாம் ஆண்டு பி.எஸ்சி. மாணவி, குடியாத்தம்

அறிக்கையின் நகலையும் வைத்து அனுப்பியிருந்தீர்கள், நல்லது. 'சிறப்பு விருந்தினர் குத்துவிளக்கேற்றித் தொடங்கி வைத்தார்.' 'மரக்கன்றுகள் நடப்பட்டன.' 'விழிப்புணர்வுப் பேரணி சிறப்பாக நடைபெற்றது.' வேலூரில் தமிழ் நடத்திக்கொண்டே திட்ட அலுவலராகவும் இருந்தவன் நான். இந்த வாக்கியங்களைக் கட்டுக்கட்டாகப் படித்திருக்கிறேன். ஊர்ப் பெயரை மட்டும் மாற்றினால் போன வருஷத்து அறிக்கை இந்த வருஷத்துக்கும் பொருந்தும். புங்கையா வேம்பா, பள்ளிக்கூடத்துக்குள்ளா ஏரிக்கரையிலா, இப்போது யார் தண்ணீர் ஊற்றுகிறார்கள், எதுவும் அதில் இல்லை. படிப்பவர் அதைக் கோப்பில் போடுவார், அவ்வளவுதான். அது தெரிந்தே எழுதுவதால் எழுதுகிறவருக்கும் சூடு பிறப்பதில்லை.

பட்டறைக்குப் போங்கள், தப்பில்லை. அதற்கு முன் முகாம் போட்ட ஊருக்கே திரும்பிப் போய், அங்கே ஒருவருக்கு நிஜமாகவே தேவைப்படும் மனு ஒன்றை எழுதிக் கொடுங்கள்.

என் மாணவன் ஒருவன் எழுதிய மனு நினைவுக்கு வருகிறது. பாலாற்றுக்கு வடக்கே ஒரு கிராமம், பெயர் வேண்டாம். பீடி சுற்றும் பாட்டி ஒருவருக்கு முதியோர் உதவித்தொகை திடீரென்று நின்றுபோனது. அப்போது மாதம் 1,000 ரூபாய். (2023 ஆகஸ்டில் அது 1,200 ஆனது.) பையன் கவிதை எழுதுகிறவன். உட்கார்ந்த இடத்தில் ஒரு பக்கம் எழுதிவிட்டான். 'வறுமையின் கோரப்பிடியில் சிக்கி, அந்திமக் காலத்தில் ஆதரவுக்கரம் தேடும் இம்மூதாட்டியின் கண்ணீரைத் துடைக்க...' என்று போனது. அதைப் பாட்டிக்கு வாய்விட்டுப் படித்துக் காட்டச் சொன்னேன். முறத்தில் இலை வெட்டிக்கொண்டே கேட்ட பாட்டி, "யாரைப் பத்திப்பா இது?" என்றார்.

அதற்கப்புறம்தான் பையன் கேட்க ஆரம்பித்தான். பாட்டி சொன்னதை அவன் அப்படியே குறித்துக்கொண்டான்: "தீபாளிக்கு முந்தின மாசம் வாங்கினேன். அதுக்கப்புறம் மிசின்ல விரல் வெச்சா உழல. துட்டு குடுக்கறவராண்ட கேட்டா ஆபீசுக்குப் போன்றாரு. ஆபீசுக்குப் போனா ஆதார்ல விரல புதுப்பிச்சிகினு வான்றாங்க. அங்கயும் உழல."

பீடி இலையோடு காலம் முழுக்கப் பழகிய விரல்களில் ரேகை தேய்ந்துவிட்டது. கோளாறு அங்கே இருக்கிறது. கோரப்பிடி, கண்ணீர் எல்லாவற்றையும் தூக்கிவிட்டு மனு இப்படி வந்தது: 'எனக்கு முதியோர் உதவித்தொகை அக்டோபர் மாதத்தோடு நின்றுவிட்டது. என் விரல் ரேகை தேய்ந்திருப்பதால் கருவியில் பதியவில்லை. ஆதார் மையத்திலும் முயன்றேன், பதியவில்லை. கண் கருவிழி மூலமோ வேறு வழியிலோ என்னைச் சரிபார்த்து, நிலுவையோடு தொகையை வழங்க வேண்டுகிறேன். பாஸ் புத்தகத்தின் கடைசிப் பக்கத்தை இணைத்துள்ளேன்.'

மனு என்றால் இவ்வளவு போதும். என்ன வேண்டும், எப்போதிலிருந்து சிக்கல், இதுவரை என்ன செய்தோம், கையில் என்ன ஆதாரம். திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸ் குறைதீர்வு நாளில் மனுக்கள் குவிந்து கிடக்கும். அவற்றை வாங்குகிறவர் உங்கள் தாளை எடுத்ததும் எந்தத் துறைக்கு அனுப்புவது என்று தெரிந்துகொள்ள வேண்டும். அந்த அவசரத்தை மனதில் வைத்து எழுதப் பழகியவர் பிறகு கட்டுரை எழுதினாலும் முதல் பத்தியை வீணடிக்க மாட்டார்.

இரண்டாம் தடவை படித்துக் காட்டியபோது பாட்டி ஒரு திருத்தம் சொன்னார். 'மகன் குடிப்பழக்கத்தால் கவனிப்பதில்லை' என்று ஒரு வரி இருந்தது. "அவனப் பத்தி எதுக்கு? எடுத்துடு" என்றார். பையனுக்கு மனசில்லை, அந்த வரி உருக்கமாக இருந்ததாம். எடுக்கத்தான் வேண்டும். கைநாட்டு வைக்கப் போவது அவர். ஒரு வரி நன்றாக வந்திருக்கிறது என்பதற்காக அடுத்தவர் வீட்டு விஷயத்தை வெளியே கொண்டுபோக எழுதுகிறவருக்கு உரிமை கிடையாது.

பணம் வந்ததா என்று கேட்பீர்கள். வந்தது, தாமதமாக. மனுவால் வந்ததா, அதற்குப் பிறகு பையன் நடையாய் நடந்ததால் வந்ததா என்று பிரித்துச் சொல்ல முடியாது.

● மகன் வாரக் கடைசியானால் என்.எஸ்.எஸ். என்று கிளம்பிவிடுகிறான். தெரு கூட்டுவதற்கா கல்லூரியில் சேர்த்தோம்? சான்றிதழ் தவிர என்ன பயன்?
— ஒரு தாய், ஆரணி

1969 செப்டம்பர் 24-ல், காந்தி நூற்றாண்டில், 37 பல்கலைக்கழகங்களில் தொடங்கிய திட்டம் அது. இரண்டு வருஷத்தில் 240 மணி நேரப் பணி, ஏழு நாள் சிறப்பு முகாம் என்பது கணக்கு. தெரு கூட்டுவது அதில் ஒரு பகுதி, அதுவும் போட்டோ எடுத்து முடியும் வரைதான் என்று நீங்கள் சந்தேகப்பட்டால் மறுக்க மாட்டேன். சாயங்காலம் அவன் திரும்பியதும் 'யாரிடம் பேசினாய், என்ன சொன்னார்கள்' என்று கேட்டுப் பாருங்கள். பத்து நிமிஷம் நிறுத்தாமல் சொன்னால் நேரம் வீணாகவில்லை. 'சும்மா போனோம், வந்தோம்' என்றால் உங்கள் பக்கம் நியாயம் இருக்கிறது.

● இந்தச் சேவைப் பணியை மொழிப் பாடத்தோடு சேர்த்து, மாணவர்களை எழுத வைத்து மதிப்பெண் தரலாம் என்று நினைக்கிறேன். பிரச்சினை வருமா?
— உதவிப் பேராசிரியர், வாணியம்பாடி

வரும். முதல் பிரச்சினை மதிப்பெண். பரிதாபத்துக்கு மதிப்பெண் உண்டு என்று தெரிந்தால் பிள்ளைகள் ஊரில் இருக்கும் பரிதாபத்தையெல்லாம் அள்ளிக்கொண்டு வருவார்கள். மதிப்பெண்ணைக் குறிப்பேட்டுக்குப் போடுங்கள்: யாரைப் பார்த்தார்கள், என்ன கேட்டார்கள், பதிலை எப்படிச் சரிபார்த்தார்கள், எத்தனை முறை திருத்தினார்கள். பெயரும் படமும் போட அனுமதி கேட்டார்களா என்பதும் அதில் இருக்கட்டும். வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரி (சி.எம்.சி.) மாணவர்கள் தொடக்கத்திலேயே கிராமத்தில் தங்கி வீடு வீடாகக் கேட்டு எழுதும் வழக்கம் நம் பக்கத்திலேயே இருக்கிறது. மொழித் துறைக்காரர்கள் அவர்களிடம் கேட்டு வாங்க நிறைய உண்டு, நாம்தான் போவதில்லை.

நீங்கள் இருப்பது வாணியம்பாடி. அதனால் ஒன்று சொல்கிறேன். பாலாற்றுத் தோல் தொழிற்சாலைக் கழிவு வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996 ஆகஸ்டு 28-ல் தீர்ப்புச் சொன்னது. வேலூர்க் குடிமக்கள் நலச் சங்கம் தொடுத்த வழக்கு. மாசுபடுத்தியவரே ஈடு கொடுக்க வேண்டும், முன்னெச்சரிக்கை வேண்டும் என்ற இரண்டு கொள்கைகளையும் இந்த நாட்டுச் சட்டத்தின் பகுதி என்று அது ஏற்றதால், இன்றும் சட்டக் கல்லூரிகளில் படிக்கிறார்கள். உங்கள் மாணவர்களை நான் படிக்கச் சொல்வது அதிலுள்ள கணக்குகளை. தோல் தொழிற்சாலைப் பகுதியில் சுமார் 35,000 ஹெக்டேர் விளைநிலம் ஓரளவோ முழுமையாகவோ சாகுபடிக்கு உதவாமல் போனதாக, தமிழ்நாடு வேளாண் பல்கலைக்கழகத்தின் வேலூர் ஆராய்ச்சி மையம் கண்டதைத் தீர்ப்பு எடுத்துச் சொல்கிறது. இன்னொரு இடத்தில், திண்டுக்கல் பக்கம் 13 கிராமங்களில் ஒரு தொண்டு நிறுவனம் நடத்திய கணக்கெடுப்பு வருகிறது. குடிக்கவும் பாசனத்துக்கும் பயன்பட்ட 467 கிணறுகளில் 350 கெட்டுப்போயிருந்தன.

யாரோ வெயிலில் கிணறு கிணறாகப் போய் எட்டிப் பார்த்து எழுதியிருக்கிறார்கள். 'நீர்நிலைகள் நஞ்சாகிவிட்டன' என்று எழுதியிருந்தால் எதிர்த்தரப்பு வக்கீல் ஊதித் தள்ளியிருப்பார். 467-ல் 350 என்றால் அவரும் திரும்பப் போய் எண்ணிப் பார்த்தாக வேண்டும். அலங்காரத்துக்கும் ஆதாரத்துக்கும் உள்ள வித்தியாசத்தைக் காட்ட இதைவிட நல்ல பாடம் என் கண்ணில் பட்டதில்லை. உங்கள் மாணவர்களைத் தங்கள் தெருவில் உள்ள கைப்பம்புகளை எண்ணி, எது ஓடுகிறது, எது எப்போது நின்றது என்று எழுதச் சொல்லுங்கள். முதல் பயிற்சிக்கு அது போதும்.

● எங்கள் வீட்டில் உருது. தமிழ் பேசுவேன், எழுதக் கூச்சம். முகாமில் குறிப்பு எழுதச் சொன்னால் ஒளிந்துகொள்கிறேன்.
— பி.காம். மாணவி, ஆம்பூர்

ஒளிய வேண்டாம்மா. ஆம்பூர், பேர்ணாம்பட்டுத் தெருக்களில் எத்தனையோ பெண்கள் தங்கள் கஷ்டத்தை உருதுவில் சொன்னால்தான் முழுசாகச் சொல்வார்கள். உங்கள் தோழிகள் அந்த வீட்டு வாசலிலேயே நின்றுவிடுவார்கள், நீங்கள் உள்ளே போய் உட்காரலாம். கேட்டதைக் குட்டிக் குட்டித் தமிழ் வாக்கியமாக எழுதுங்கள். ற, ர தவறினால் தோழி திருத்திக் கொடுப்பாள். அந்த அம்மா சொன்னதை அவளால் கேட்டுவர முடியாதே.

● செல்போனில் கேட்டால் அரை நிமிஷத்தில் மனு எழுதித் தருகிறதே சார், இதெல்லாம் எதற்கு?
— 'நவீனன்', காட்பாடி

தரட்டும். 'பெறுநர்', 'பொருள்' எல்லாம் பிழையில்லாமல் போட்டுத் தரும். பாட்டிக்கு விரல் பதியவில்லை என்று அதற்கு யார் சொல்வது?

● எழுதப் படிக்கத் தெரியாதவர்கள் தகவல் உரிமைச் சட்டத்தில் கேள்வி கேட்க முடியுமா? நாங்கள் எழுதிக் கொடுக்கலாமா?
— மாணவர் குழு, அணைக்கட்டு

முடியும். 2005-ம் வருஷச் சட்டத்தின் 6-ம் பிரிவிலேயே இருக்கிறது. எழுத முடியாதவர் வாயால் சொன்னால், அதை எழுத்தில் கொண்டுவரப் பொதுத் தகவல் அலுவலர் உதவ வேண்டும். நடைமுறையில் அவரை அப்படி உட்கார வைத்து எழுதி வாங்குவது லேசில்லை, அதனால் நீங்கள் எழுதிக் கொடுப்பது பெரிய உபகாரம். கட்டணம் 10 ரூபாய், வறுமைக்கோட்டுக்குக் கீழே உள்ளவர்களுக்கு அதுவும் இல்லை. பதில் தர 30 நாள் கெடு.

கேள்வியை எழுதும் விதத்தில்தான் விஷயம் இருக்கிறது. 'எங்கள் தெருவுக்கு ஏன் தண்ணீர் வரவில்லை?' என்று கேட்டால் 'இது தகவல் அல்ல' என்று ஒரு வரியில் திருப்பிவிடுவார்கள். அலுவலகத்தில் பதிவாக இருப்பதைத்தான் அந்தச் சட்டத்தில் கேட்டு வாங்க முடியும். 'மேல்நிலை நீர்த்தேக்கத் தொட்டி பழுதுபார்க்க இந்த நிதியாண்டில் ஒதுக்கிய தொகை எவ்வளவு? செலவுச் சீட்டுகளின் நகல் தேவை' என்று கேளுங்கள். கோபத்தை அதில் எழுத வேண்டாம்.

கோபத்துக்கு கிராம சபை இருக்கிறது. ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்டு 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என்று வருஷத்துக்கு ஆறு கூட்டம். அடுத்த கூட்டத்துக்கு இரண்டு பேராகப் போய்த் தனித்தனியாகக் குறிப்பெடுங்கள். கூட்டம் முடிந்ததும் இரண்டு நோட்டையும் வைத்துக்கொண்டு தீர்மானப் புத்தகத்தில் என்ன ஏறியிருக்கிறது என்று ஒப்பிட்டுப் பாருங்கள். மக்கள் கேட்டது எதுவாவது விடுபட்டிருந்தால், அங்கேயே தலைவரிடமும் ஊராட்சிச் செயலரிடமும் சொல்லிச் சேர்க்கச் சொல்லுங்கள். கையெழுத்து வாங்கி முடித்த பிறகு சேர்க்க மாட்டார்கள்.